ஒன்பதாவது முளை

மகன், உன் மனைவி கேட்ட வெள்ளரி விதையை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு போத்தல்கள் இருக்கும். ஒன்று பெரியது, மற்றது மருந்துக் குளிசை வாங்கும் சின்னப் போத்தல். இரண்டையும் திறக்காமல் ஒருபக்கம் வைத்துவிட்டு முதலில் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசி. உயிலங்குளத்திலிருந்து பள்ளிமுனை ஒன்றும் தூரமில்லை. காலையில் பேருந்து ஏறினால் உன் வீட்டில் வந்து தேநீர் குடிக்கலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன். பல வருடங்களாக அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கலியாணம் முடிந்த ஐந்தாம் நாள் நான் அங்கே வந்தபோது, உன் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "மாமா, அக்கான்ர வெள்ளரி விதை எங்களுக்கும் கொஞ்சம் தருவியளா? இவர் சொன்னவர், உங்கட வீட்டில வருசா வருசம் போடுறதாம்." அவளுடைய தகப்பன் சிரித்தார். "சம்மந்தி, எங்கட வளவில கணவாய் மீன் ஓடுதான் முளைக்கும். வெள்ளரி முளைச்சுதெண்டால் நான் வலையை வித்துப்போட்டு உங்கட வயலுக்கு வாறன்." எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே, "அது அம்மாவைக் கொண்டுபோன விதை" என்றாய். உன் மனைவி என் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நான், "ஓம் பிள்ளை, தாறன்" என்றேன். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கடிதம். அந்த விதை உன் அம்மாவைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் அதைக் குழியில் வைத்தது யார் என்பது உனக்குத் தெரியாது.

உன் அக்கா வதனியை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அவள் போனபோது உனக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அதற்குச் சில வருடங்களுக்கு முன் கிணற்றடியில், குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் தானாக ஒரு வெள்ளரிக் கொடி முளைத்திருந்தது. நான் அதைப் பிடுங்கப் போனேன். அவள் விடவில்லை. அது வழக்கமான பச்சைக் காய் இல்லை. குட்டையாக, வெள்ளையாக, காம்படியில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளோடு காய்த்தது. நுனியை வெட்டித் தேய்த்துக் கசப்பு எடுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து விதை எடுக்கிற வேலை அவளுடையதானது. கொடியில் விட்டு மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் பறிப்பாள். விதைகளைக் கழுவி, ஈரமான மாட்டுச் சாணத்துக்குள் வைத்து வட்டமாகத் தட்டி, சமைக்கும் குசினியின் கிழக்குச் சுவரில் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே அப்பிவிடுவாள். காய்ந்தால் பூச்சி அண்டாது. அடுத்த போகம் முடிந்து வயல் காயும்வரை அப்படியே இருக்கும். கடைசி வருடம் ஏழு வட்டங்கள் அப்பியிருந்தாள். ஒவ்வொன்றிலும் அவளுடைய ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. "அப்பா, பத்திரிகைக்காரர் எண்டால் இதை ஒரு படம் எடுத்துப் போடுங்கோவன்" என்று பகிடி பண்ணினாள். நான் எடுக்கவில்லை. அந்த நாட்களில் படச்சுருளைப் பத்திரிகைக்கு அனுப்பும் படங்களுக்காக மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இடம்பெயர்ந்த அன்று உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் என்னென்ன ஏற்றினேன் என்பதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். பாத்திரங்கள், இரண்டு தகரம், அம்மாவின் தையல் மெசின், உடுப்பு மூட்டை, மூன்று மூட்டை விதைநெல். எங்களைப் போன்ற வயல்காரர் எங்கே ஓடினாலும் விதைநெல்லை விட்டுவிட்டு ஓடமாட்டோம். போகிற இடத்தில் ஒரு துண்டு வயல் கிடைத்தால் விதைக்கலாம் என்ற நம்பிக்கை. மூன்று மூட்டையை அடுக்கியதும் அம்மாவுக்கும் உனக்கும் மட்டும்தான் இடம் இருந்தது. வதனியைப் பக்கத்து வளவு இராசம்மா மாமியின் பெட்டியில் ஏறச் சொன்னேன். அவள் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தாள். "விதைநெல்லுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில பெத்த பிள்ளைக்கு இல்லை. சரி, உங்கட மூத்த மகளைக் கவனமாக் கொண்டுபோங்கோ" என்று மூட்டையைக் காட்டிச் சிரித்தாள். நான், "விசர்க்கதை கதையாமல் ஏறு. நான் உனக்குப் பின்னால வாறன்" என்றேன்.

பின்னால் வரவில்லை. தெருவில் நெரிசல் என்று நான் குளக்கட்டுப் பாதையால் திருப்பினேன். அதனால் அவர்களுக்கு முன்னால் போய்விட்டேன். இதை உனக்கு எப்படி வேறு மாதிரிச் சொல்லலாம் என்று யோசித்திருக்கிறேன். வேறு மாதிரி இல்லை. பல மாதங்கள் கழித்து முகாமில் இராசம்மா மாமியைக் கண்டபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சந்தியில இறங்கிட்டாள் அண்ணை. அப்பா பின்னால வாறார், நான் நிண்டு அவரோட ஏறி வாறன் எண்டவள். நான் எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை." அவள் இறங்கியபோது அந்தச் சந்தியை நாங்கள் தாண்டி அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே பிறகு எறிகணைச் செல் விழுந்தது என்று சிலர் சொன்னார்கள். விழவில்லை, அடுத்த சந்தியில்தான் விழுந்தது என்று வேறு சிலர் சொன்னார்கள். ஒரு பெண்பிள்ளை பையோடு வடக்குப் பக்கம் நடந்து போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். முப்பது வருடம் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவன் நான். ஒருவர் சொன்னதை இரண்டாவது ஆளிடம் கேட்காமல் எழுதியதில்லை. என் பிள்ளையின் விஷயத்தில் எனக்கு அந்த இரண்டாவது ஆள் கிடைக்கவேயில்லை. அந்த விதைநெல்லை ஒரு வயலிலும் விதைக்கவில்லை. இரண்டு மாதத்தில் குற்றிக் கஞ்சி காய்ச்சினோம். நீ குடித்தாய், நானும் குடித்தேன். அம்மா அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவள் என்ன சாப்பிட்டு இருந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. நீ முற்றத்தில் சுட்டு விழுந்த துவக்குச் சன்னங்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கினாய். நான் கத்தினேன். அம்மா நேரே குசினிச் சுவரடிக்குப் போனாள். மூன்று மாரி மழையில் ஆறு வட்டங்கள் கரைந்து சுவரில் கறையாக இருந்தன. தாழ்வாரத்தின் ஒரு மூலைத் தகரம் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒன்று மட்டும் தப்பியிருந்தது. ஐந்து விரலும் அப்படியே இருந்தன. சுண்டுவிரல் பதிந்த இடத்தில் சின்ன வெடிப்பு. அம்மா அதில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் பெரியவை, பொருந்தவில்லை.

அதை அப்படியே வைத்திருப்பதா, நடுவதா என்று இரண்டு நாள் பேசினோம். விதை எடுக்கவேண்டும் என்றால் வட்டத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைக்கவேண்டும். கரைத்தால் விரல்கள் போய்விடும். நான் வைத்திருப்போம் என்றேன். அம்மா கேட்கவில்லை. "இஞ்சாருங்கோ, இது முளைச்சால் பிள்ளை எங்கேயோ இருக்கிறாள். முளைக்காட்டி நான் பிறகு ஒண்டும் கேக்கமாட்டன். நீங்கள் சொல்லுற கந்தோருக்கு வந்து, நீங்கள் காட்டுற இடத்தில கையெழுத்து வைக்கிறன்." காணாமற்போனவர்களின் விவரம் பதியும் கந்தோரில் எங்கள் படிவம் மட்டும் அம்மாவின் கையெழுத்து இல்லாமல் கிடந்தது. ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி அவளே வட்டத்தை உள்ளே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் பெருவிரல் போனது. சுண்டுவிரல்தான் கடைசிவரை நின்றது.

பன்னிரண்டு விதைகள் தேறின. நான்கு குழி வெட்டி, குழிக்கு மூன்றாக அம்மா நட்டாள். வெள்ளரி நல்ல விதை என்றால் நான்காம் ஐந்தாம் நாள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். ஆறாம் நாள் ஒன்றும் இல்லை. ஏழாம் நாளும் இல்லை. எட்டாம் நாள் பின்னேரம் அவள் குழிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள், அழவில்லை. உள்ளே வந்து, பெட்டிக்குள் இருந்த நாவல் நிறச் சேலையை எடுத்து உதறி, மடித்துக் கதிரையில் வைத்தாள். "நாளைக்குக் கந்தோர் திறந்திருக்குமோ?" என்று கேட்டாள். "நாளைக்கு லீவு. நாளையிண்டைக்குப் போவம்" என்றேன். லீவு இல்லை. அதுதான் நான் சொன்ன முதலாவது பொய்.

மீளக் குடியேறியவர்களுக்கு நிவாரணமாகக் கொடுத்த மரக்கறி விதைப் பக்கற்றில் வெள்ளரியும் இருந்தது. நீண்ட பச்சைக் காயின் படம் போட்ட பக்கற். அடுத்த நாள் விடிய, அம்மா குளத்துக்குப் போன நேரம், குழிக்கு இரண்டு விதையாக நான்கு குழியிலும் விரலால் அமத்தினேன். எட்டு விதைகள். அவற்றை முதல் நாளே ஈரச் சீலையில் கட்டி முளை கட்ட வைத்திருந்தேன். மகன், இதை யோசிக்காமல் அவசரத்தில் செய்தேன் என்று நினைக்காதே. சேலையைக் கதிரையில் கண்ட நிமிடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். அவளைத் தேற்றுவதற்காகச் செய்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் படிவத்தில் என்னுடைய கையெழுத்தும் இருந்தது. அவளுடையது விழாதவரை என்னுடையதும் செல்லாது. அதுவும் எனக்குத் தெரியும்.

கந்தோருக்குப் போகவேண்டிய அந்தக் காலை, "இன்னும் ஒரு நாள் பாப்பம்" என்று நான்தான் அவளை மறித்தேன். அதற்கு அடுத்த காலை அவள் கத்திய சத்தத்தில் நீ படுக்கையில் இருந்து எழும்பி ஓடிவந்தாய். உனக்கு அது நினைவிருக்கும். குழிகளில் மண் வெடித்திருந்தது. அன்று பின்னேரத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. அவள் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அக்கா இருக்கிறாளடா, அக்கா இருக்கிறாள்" என்றாள். நீ முளைகளை எண்ணினாய். பள்ளிக்கூடத்தில் எண்ணுவதைப் போல விரலை நீட்டி, சத்தமாக, ஒவ்வொன்றாக. "ஒன்பது, அப்பா" என்றாய். நான் உன்னைத் திரும்ப எண்ணச் சொன்னேன். நானும் எண்ணினேன். கிணற்றுப் பக்கத்துக் குழியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று நின்றன.

எட்டுத்தான் வைத்தேன். ஒரு விதை மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சீலையில் ஒன்றை அதிகமாகக் கட்டியிருக்கலாம். இப்படித்தான் சொல்லிச் சொல்லி அதை மூடிவைத்தேன். ஆனால் எண்ணிக்கையில் பிழை விடாதவன் என்று பெயர் எடுத்த ஆள் நான். சில நாட்களில் நடக்கும்போது, சாப்பிடும்போது, காரணம் இல்லாமல் அந்தக் குழி கண்ணுக்கு முன்னால் வரும். மூன்று முளைகள் நிற்கும். எது என்னுடையது இல்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கொடிகள் ஒன்றோடொன்று பின்னிப் படர்ந்தன. மெலிந்த முளையைப் பிடுங்கிவிடுவதுதான் வழக்கம். அம்மா ஒன்றையும் பிடுங்கவிடவில்லை. பச்சைக் காய்கள் காய்த்தன. "மூண்டு வருசம் காய்ஞ்சு கிடந்த விதை, காய் மாறித்தான் வரும்" என்று அவளே ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். நான் தலையாட்டினேன். ஒரு நாள் மத்தியானம் நான் வயலால் வந்து கால் கழுவும்போது சொன்னாள்: "கிணத்துப் பக்கம் ஒரு வெள்ளைக் காய் வந்திருக்கு. அவளின்ர காய்தான். வந்து பாருங்கோ." இருபது அடி தூரம். நான் போகவில்லை. "பிறகு பாக்கிறன்" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அது இருக்கமுடியாது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பொய் சொன்னவனுக்கு மற்றவர் சொல்வதெல்லாம் மயக்கமாகத்தான் தெரியும். அவள் அந்தக் காயைப் பழுக்கவிட்டு, மற்ற விதைகளோடு கலந்து வைத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு என்னை அவள் பார்க்கக் கூப்பிடவில்லை.

மிச்சத்தை நீ கண்டாய். விசாரிக்க வந்த உத்தியோகத்தரிடம் அவள், "வெள்ளரி முளைச்சது ஐயா" என்று மட்டும் சொன்னாள். அந்த மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் முற்றத்தைப் பார்த்தேன். பிறகு சிறுநீரக வருத்தம் வந்தது. வவுனியா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்திருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது அவள் சொன்னதையும், நீ திருப்பிச் சொன்னதையும் நான் கதவடியில் நின்று கேட்டேன்.

"காய்க்கிற நேரம் வீட்டைப் பூட்டிப்போட்டு வரேலாது. அவள் வந்து பாத்தால்?"

"அம்மா, உங்களுக்கு விசரே? ஒரு வெள்ளரிக் கொடிக்காகச் சாகப்போறியளே? உயிரோட இருக்கிற பிள்ளை நான் ஒருத்தன் இருக்கிறன்."

"நீ இருக்கிறாய் ராசா. நீ இருக்கிறது எனக்குத் தெரியுமே."

நீ கதவை அடித்துவிட்டுப் போனாய். அந்த நேரத்தில் நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பேருந்து ஏறியிருப்பாள். அல்லது அந்த இடத்திலேயே முறிந்துபோயிருப்பாள். எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. போகலாம் என்று அவள் சம்மதித்தபோது டொக்டர்மாருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய திவசத்துக்கு நீ தவறாமல் வருகிறாய், சாப்பிடுகிறாய், போகிறாய். படத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் உன்னைவிட்டு ஒரு கொடியைத் தெரிந்தெடுத்தாள் என்று நீ நினைக்கிறாய். அவள் ஒரு வாக்கைக் காப்பாற்றினாள், அவ்வளவுதான். முளைத்தால் பிள்ளை இருக்கிறாள் என்று சொன்னாள். முளைத்ததாக நான் காட்டினேன். உன் கோபத்தை அவளிடமிருந்து எடுத்து என்னிடம் கொண்டுவா. அது எனக்குரியது. அடுத்த திவசத்துக்கு அவளைப் பார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் பெரிய போத்தலை மட்டும் அனுப்பியிருப்பேன். அம்மா போன பிறகும் அந்த விதையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். ஏன் என்று என்னிடம் கேட்காதே. இந்த வருடம் நெல் வெட்டி முடித்த பிறகு போட்டதில், வேலியோரம் இலைக்குக் கீழே ஒரு காய் கிடந்தது. குட்டை. வெள்ளை. காம்படியில் மெல்லிய பச்சைக் கோடுகள். நான் அதைத் தொடவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன், பட்டப்பகலில். வாய்க்காலுக்கு அப்பால் யாரோ போட்ட வெள்ளரியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருக்கலாம். நிவாரணப் பக்கற்றிலேயே கலப்பு இருந்திருக்கலாம். அல்லது அந்த ஒன்பதாவது முளை அவளுடைய பன்னிரண்டில் ஒன்றாக இருந்து, அதன் பூவும் மற்றப் பூக்களும் கலந்து, இத்தனை வருடம் பச்சைக்குள் ஒளிந்திருந்துவிட்டு இப்போது வெளியே வந்திருக்கலாம். அம்மா இதைத்தான் அன்றைக்குக் கண்டாளா? இருபது அடி நடந்திருந்தால் இன்றைக்கு உனக்கு விடை எழுதியிருப்பேன்.

அந்தக் காயைப் பழுக்கவிட்டேன். அதன் விதைதான் சின்னப் போத்தலில் இருக்கிறது. அம்மா செய்வதுபோல மூன்று நாள் புளிக்கவிட்டு, தண்ணீரில் இட்டு, மிதக்கிறதைக் கழித்து, தாழ்கிறதை எடுத்திருக்கவேண்டும். எனக்குத் தண்ணீரில் போட மனம் வரவில்லை. சாம்பலில் பிரட்டி நிழலில் காயவைத்தேன். எத்தனை என்று எண்ணவுமில்லை. அதை நீ எண்ணு.

பெரிய போத்தலில் இருப்பது அக்காவின் விதை என்று உன் மனைவியிடம் சொல்லாதே. அது அம்மா வளர்த்த விதை, அது போதுமான மரியாதை. உங்கள் மண் உவர், கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் கரிக்கும். இதோடு கட்டுக்கரை வாய்க்காலில் எடுத்த வண்டல் இரண்டு மூட்டை அனுப்புகிறேன். முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி அதை நிரப்பு. சின்னப் போத்தல் விதையைப் பெரிய போத்தல் விதைக்குக் கிட்ட நடாதே, வேலிக்கு மற்றப் பக்கம் நடு. முதலில் தண்ணீரில் போட்டுப் பார். மிதக்கிறதை வைத்துக்கொள்ளாதே.

முளைத்தால் அவள் இருக்கிறாள் என்று எடுக்காதே. முளைக்காவிட்டால் இல்லை என்றும் எடுக்காதே. கந்தோரிலிருந்து திருப்பி வாங்கிவந்த படிவம் என் மேசை லாச்சியில் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று நீயும் நானும் இருந்து பேசுவோம். அதை ஒரு கொடியிடம் கேட்கக்கூடாது. இதை எழுதுகிற எனக்கே அது முடியவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பத்து நாள் பார். முளைத்தால் சொல்லி அனுப்பு, நான் வந்து எண்ணுகிறேன். முளைக்காவிட்டால், வீட்டில் யார் எவ்வளவு ஆசையோடு அந்தக் குழியடியில் குந்தியிருந்தாலும், பெரிய போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் திறந்திருந்தாலும், அதற்குள் வேறு ஒன்றையும் வைக்காதே. குழியை வெறுமையாக விடு.

அப்பா